பைலட் லைசென்ஸ் வாங்கியபின் லேண்டிங்கைச் சீராக்குவது எப்படி?

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கி நான்காவது மாதம். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஹாஃப் மூன் பே விமான நிலையத்தில் இறங்கினேன். நான் பழகியது பாலோ ஆல்டோவில். அங்கே ரன்வே 70 அடி அகலம், 2,443 அடி நீளம்தான். ஹாஃப் மூன் பேயில் 150 அடி அகலம், 5,000 அடி நீளம். இவ்வளவு பெரிய ரன்வேயில் இறங்க என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் போனேன். தரைக்குப் பல அடி மேலேயே விமானத்தை நிமிர்த்திவிட்டேன். அது அங்கேயே வேகம் இழந்து, தொப்பென்று விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மனைவி சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்த கையை, ரன்வேயை விட்டு வெளியே வந்தபிறகும் எடுக்கவில்லை.

செக்ரைடில் (லைசென்ஸுக்கான பறத்தல் தேர்வில்) பரீட்சகர் முன்னால் ஒழுங்காக இறக்கியவன்தான் நான். அப்புறம் வேலை, மழை, செலவு என்று ஏழு வாரம் பறக்காமல் விட்டிருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு மாதம் தனியாகவே போய் ரன்வேயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பணம் கரைந்தது, லேண்டிங் திருந்தவில்லை. கடைசியில் ஓர் இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து, பத்து செஷனுக்கு ஒரு திட்டம் போட்டுப் பறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கடைசிப் பத்தடியில் என்ன செய்வது என்றே நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கோளாறோ ஒரு மைலுக்கு முன்பே, வேகத்தில் ஆரம்பித்திருந்தது.

அந்தத் திட்டத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அமெரிக்காவில், எஃப்ஏஏ (அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகளின்கீழ், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டும் புதியவரை மனதில் வைத்து எழுதியது. வேக எண்கள் 172எஸ் மாடலுக்கானவை. நீங்கள் ஓட்டுவது வேறு மாடலாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள எண்தான் உங்களுக்குச் செல்லும்.

1. தாள்களையும் தேதிகளையும் முதலில் பாருங்கள்

பயிற்சியின்போது இதையெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்வார். லைசென்ஸ் வந்த நாளிலிருந்து உங்கள் பொறுப்பு.

பறக்கும்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: பைலட் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், படத்தோடு கூடிய அரசு அடையாள அட்டை. செக்ரைடு அன்று தரும் தற்காலிகச் சான்றிதழ் 120 நாள்தான் செல்லும். பிளாஸ்டிக் அட்டை தபாலில் வரும். அதற்குள் வீடு மாறினால் அட்டை பழைய முகவரிக்குப் போய்விடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகவரி மாறிய 30 நாளுக்குள் எஃப்ஏஏவுக்குத் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும்வரை நீங்கள் பைலட்டாகப் பறக்கக் கூடாது. இணையத்தில் ஐந்து நிமிட வேலை. இப்படி ஒரு விதி இருப்பது தெரியாமல் பறந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் 40 வயதுக்குள் எடுத்தால் 60 மாதம், அதற்குமேல் 24 மாதம்.

அடுத்தது 90 நாள் கணக்கு. பயணியை ஏற்ற வேண்டுமானால், கடந்த 90 நாளில் அதே வகை விமானத்தில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் நீங்களே செய்து லாக்புக்கில் எழுதியிருக்க வேண்டும். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் பகலில் டச்-அண்ட்-கோ (தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்புவது) போதும். இரவில் பயணியை ஏற்ற, மூன்றும் முழுதாக நின்று கிளம்பியவையாக இருக்க வேண்டும். நேரமும் முக்கியம்: சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன். பயிற்சியில் செய்த இரவு லேண்டிங்குகள் சத்தமில்லாமல் காலாவதியாகிவிடும். காலண்டரில் இரண்டு தேதியையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

90 நாள் தாண்டிவிட்டாலும் பயப்பட வேண்டாம். தனியாகவோ இன்ஸ்ட்ரக்டரோடோ மூன்று லேண்டிங் செய்தால் கணக்கு மறுபடி தொடங்கும். ஆனால் சட்டம் கேட்கும் மூன்று வேறு, கைக்குத் தேவைப்படும் பழக்கம் வேறு. ஹாஃப் மூன் பேக்குப் போன அன்று சட்டப்படி எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

வாடகைக்கு எடுக்கும் கிளப்பின் விதியையும் படியுங்கள். பல கிளப்புகள் எஃப்ஏஏவைவிடக் குறைந்த நாள்தான் தரும். அந்த நாள் தாண்டினால் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு முறை பறந்து காட்டாமல் சாவி கிடைக்காது.

2. பணத்தையும் நாளையும் சேர்த்து ஒதுக்குங்கள்

நான் வாடகைக்கு எடுக்கும் 172க்கு எரிபொருள் சேர்த்து மணிக்கு 190 டாலர். இன்ஸ்ட்ரக்டருக்கு மணிக்கு 90. ஒவ்வொரு செஷனும் 1.2 மணி நேரப் பறத்தல். பத்துக்கும் விமான வாடகை 2,280 டாலர். அதில் ஆறு செஷனுக்கு இன்ஸ்ட்ரக்டர் வந்தார். தரையில் பேசுவதையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம், ஆக 810 டாலர். மொத்தம் 3,090. உங்கள் ஊரில் விலை கூடலாம், குறையலாம். கணக்கின் வடிவம் இதுதான்.

இந்தப் பத்தையும் ஐந்து அல்லது ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று பத்து மாதம் இழுத்தால், ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் போன தடவை கற்றதை நினைவுபடுத்துவதிலேயே போய்விடும். கையில் ஐந்து செஷனுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பணம் சேரும்வரை பொறுத்திருந்து வாரம் இரண்டாகத் தொடங்குங்கள். நான் தனியாக வீணாக்கிய இரண்டு மாதச் செலவில் இந்தத் திட்டத்தில் பாதியை முடித்திருக்கலாம்.

காலை நேரத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். வளைகுடாப் பகுதியில் கோடைக் காலத்தில் காலையில் காற்று அடங்கியிருக்கும், பிற்பகலில் கடல்காற்று எழும். முதல் ஐந்து செஷன் காற்று அடங்கிய நேரத்தில் இருக்கட்டும். பிற்பகல் காற்று பிறகு பாடத்துக்கு உதவும். கடலோரத்தில் உள்ள ஹாஃப் மூன் பேக்குப் போவதானால் கோடைக் காலைகளில் மூடுபனி மூடிவிடும். ஒரு மாற்று நிலையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவையும் சேருங்கள்: வாடகை பைலட்டுக்கான காப்பீடு. விமானத்துக்குக் கிளப் எடுத்திருக்கும் காப்பீடு கிளப்பைக் காப்பாற்றுவதற்கு. நீங்கள் சேதப்படுத்தினால், பணத்தைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் உங்களிடமே திரும்ப வசூலிக்க வரலாம். உங்கள் சொந்தப் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு: பிறருக்கு ஏற்படும் சேதம், வாடகை விமானத்துக்கு ஏற்படும் சேதம். இரண்டாவது பகுதி தானாக வருவதில்லை, நீங்கள் கேட்டு அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பகுதி மட்டும் இருக்கும் மலிவான பாலிசியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. இன்ஸ்ட்ரக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்

"லேண்டிங் கொஞ்சம் பார்க்கணும்" என்று போனால் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று இறங்குவீர்கள். இப்படிக் கேளுங்கள்: "என் வேகம், நடுக்கோடு, தொடும் இடம் மூன்றையும் ஒவ்வொரு லேண்டிங்குக்கும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆபத்தாக எதையும் செய்யாதவரை பேசாதீர்கள். இறங்கியபின் சொல்லுங்கள்." பயிற்சியின்போது காதில் ஒரு குரல் எப்போதும் வழிகாட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் இல்லாமல் நாம் என்ன செய்கிறோம் என்று தெரிய வேண்டும்.

உங்களுக்குப் பாடம் நடத்தியவரையே கூப்பிடலாம். நான் வேறொருவரிடம் போனேன். முதலாமவருக்கு என் பிழைகள் பழகிப்போயிருந்தன. புதியவர் இரண்டாவது லேண்டிங்கிலேயே, "தரையை நெருங்கும்போது மூக்குக்கு நேர்கீழே பார்க்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

அப்படியே எஃப்ஏஏவின் விங்ஸ் என்ற தொடர்பயிற்சித் திட்டத்திலும் பதிந்துகொள்ளுங்கள். இலவசம். மூன்று பாடங்களும் இன்ஸ்ட்ரக்டரோடு மூன்று பறத்தல் பயிற்சிகளும் முடித்தால் ஒரு கட்டம் நிறைவுபெறும். 24 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமான ஃபிளைட் ரிவ்யூவுக்கு (இன்ஸ்ட்ரக்டரோடு செய்யும் திறன் சரிபார்ப்புக்கு) பதிலாக அதுவே செல்லும். எப்படியும் காசு கொடுத்துப் பறக்கப்போகிறீர்கள், அதை ஏன் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும்?

4. சீட் உயரத்தை ஒரே அளவில் வையுங்கள்

கேட்டால் சின்ன விஷயம். எனக்குப் பாதி வித்தியாசத்தைத் தந்தது இதுதான்.

லேண்டிங்கில் நாம் உயரத்தைக் கணிப்பது கண்ணால். கண் இருக்கும் உயரம் ஒவ்வொரு நாளும் மாறினால், நேற்றுப் பழகிய காட்சி இன்றைக்குப் பொய்யாகிவிடும். கிளப் விமானத்தில் உங்களுக்கு முன் ஓட்டியவர் ஆறடி ஆளாக இருக்கலாம். 172எஸ் சீட்டின் உயரத்தைச் சுற்றிக் கூட்டலாம், குறைக்கலாம். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, அங்கிருந்து எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மாற்ற முடியாத பழைய விமானமாக இருந்தால், ஒரே தடிமனான குஷன் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

உட்கார்ந்தபின் சீட்டை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள், பூட்டு விழுந்திருக்க வேண்டும். பழைய செஸ்னாக்களில் டேக்-ஆஃபில் சீட் பின்னால் நழுவி விபத்து நடந்திருக்கிறது. அப்புறம், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலை முழுதாக மிதிக்கக் கால் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் பக்கக் காற்றில் நீங்கள் பாதி பைலட்தான்.

கிளம்புவதற்கு முன், ரன்வே தொடக்கத்தில் நிற்கும்போது இரண்டு விநாடி வெளியே பாருங்கள். எஞ்சின் மூடியின் விளிம்பு எங்கே இருக்கிறது, ரன்வே ஓரங்கள் கண்ணாடியின் எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று மனதில் பதியுங்கள். இறங்கி முடிக்கும்போது கிட்டத்தட்ட இதே காட்சிக்குத்தான் நீங்கள் திரும்பி வர வேண்டும்.

5. வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள் (முதல் மூன்று செஷனும் இதற்கே)

172எஸ் கையேடு, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) முழுதாக இறக்கிய அப்ரோச்சுக்கு, அதாவது ரன்வேயை நெருங்கி வரும் கட்டத்துக்கு, 60 முதல் 70 நாட் (மணிக்குக் கடல் மைல்) என்கிறது. நீளம் குறைந்த ரன்வேக்கு 61. புதியவர்கள் பயத்தில் "கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்வோம்" என்று 75 வரை வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். வேகம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று மனம் சொல்கிறது. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 61க்குப் பதில் 71இல் வந்தால் ஆற்றல் சுமார் 35 சதவீதம் அதிகம். அதை எங்காவது செலவழித்தாக வேண்டும். செலவழியும்வரை விமானம் ரன்வேக்கு மேல் மிதந்துகொண்டே போகும். மிதக்கும் விமானத்தைப் பொறுமையிழந்து கீழே அழுத்துவோம். மூக்குச் சக்கரம் முதலில் தொடும். துள்ளல் அங்கேதான் பிறக்கிறது.

முதல் செஷனில் ரன்வே பக்கமே போகாதீர்கள். 3,000 அடிக்கு ஏறி, ஃபிளாப் முழுதாக இறக்கி, 65 நாட்டில் டிரிம் செய்து (கை அழுத்தாமலே அந்த வேகத்தில் நிற்கும்படி டிரிம் சக்கரத்தைத் திருப்பி), கையை யோக்கிலிருந்து (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடி) எடுத்துவிட்டுப் பாருங்கள். விமானம் தானே 65இல் நிற்க வேண்டும். பிறகு எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை 100 ஆர்பிஎம் கூட்டுங்கள், குறையுங்கள். வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்க, இறங்கும் வீதம் மட்டும் மாறுவதைக் கவனியுங்கள். டிரிம் சரியாக இருந்தால் வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான் பயிற்சிக் காலம் முழுக்க டிரிம் சக்கரத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, கை வலிக்க யோக்கைப் பிடித்திருந்தேன்.

காற்று குத்திக் குத்தி அடித்தால், குத்தலின் பாதியைச் சேருங்கள். 12 நாட், குத்தல் 20 என்று வானிலை சொன்னால் வித்தியாசம் 8, அதில் பாதி 4. ஆக 65க்குப் பதில் 69. அதற்குமேல் "இன்னும் ஒரு ஐந்து" என்று சேர்க்காதீர்கள்.

6. பேட்டர்னை ஒரே அச்சில் வாருங்கள்

பேட்டர்ன் என்பது இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றி வரும் செவ்வகப் பாதை: ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், குறுக்கே திரும்புவது பேஸ், ரன்வேக்கு நேராக வருவது ஃபைனல். தொட வேண்டிய இடத்துக்கு நேர்பக்கத்தில் டவுன்விண்டில் வரும்போது த்ராட்டில் 1,500 ஆர்பிஎம், ஃபிளாப் 10 பாகை. அந்த இடம் தோளுக்குப் பின்னால் 45 பாகைக்குப் போனதும் பேஸ் திருப்பம், ஃபிளாப் 20, வேகம் 70. ஃபைனலில் ஃபிளாப் முழுதும், 65. இந்த எண்கள் உங்கள் விமானத்துக்குக் கொஞ்சம் மாறலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் தேவை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டால், உள்பக்க ரடரை மிதித்து மூக்கை இழுக்காதீர்கள். குறைந்த வேகத்தில், சில நூறு அடி உயரத்தில், அப்படி ரடரால் இழுக்கும்போது ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்குவிசையை இழந்தால்) விமானம் சுழலும், மீட்க உயரம் கிடையாது. சாய்வு 30 பாகைக்குமேல் தேவைப்படுகிறது என்றால் அந்த லேண்டிங் முடிந்துவிட்டது. நேராக்கி, த்ராட்டிலைக் கொடுத்து, மறுபடி சுற்றி வாருங்கள்.

7. கண்ணை ரன்வேயின் தூர முனைக்குக் கொண்டுபோங்கள்

ஃபைனலில் கண் இருக்க வேண்டியது குறிவைத்த இடத்தில். அந்த இடம் முன்கண்ணாடியில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். மேலே ஏறினால் முன்னாலேயே விழுவீர்கள். கீழே நழுவினால் தாண்டிப் போவீர்கள். பாப்பி விளக்கு (ரன்வே ஓரத்தில் இறங்கும் பாதையைக் காட்டும் விளக்கு வரிசை) இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு.

தரைக்கு 10 முதல் 20 அடி உயரத்தில் ஃபிளேர் (மூக்கை மெல்ல நிமிர்த்தி இறக்கத்தைக் குறைப்பது) ஆரம்பம். அந்த நொடியில் கண்ணை ரன்வேயின் தூர முனைக்கு நகர்த்துங்கள். மூக்குக்குக் கீழே பார்த்தால் தரை மங்கலாக ஓடும், உயரம் தெரியாது. மிகத் தூரத்தில், வானத்தில் பார்த்தாலும் தெரியாது. தூர முனையைப் பார்த்தபடி இருக்கும்போது, ரன்வேயின் இரண்டு ஓரங்களும் கடைக்கண்ணில் அகன்று மேலே எழுவது தெரியும். ஊரில் கிணற்றுக்குள் இறங்கும்போது சுவர் எழுவதுபோல. அந்த எழுச்சிதான் உங்கள் உயரமானி.

பிறகு த்ராட்டில் முழுதும் மூடியிருக்க, விமானத்தைத் தொடவிடாமல் பிடியுங்கள். ஆமாம், இறக்க முயலாதீர்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தரையில் வைப்பதுபோல, அது இறங்க இறங்க யோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருங்கள். இழுத்ததைத் திரும்ப முன்னுக்குத் தள்ளாதீர்கள். அதிகமாக இழுத்து விமானம் மேலே எழும்பினால், அதே நிலையில் பிடித்துக்கொண்டு அது மறுபடி இறங்கும்வரை காத்திருங்கள். ஸ்டால் எச்சரிக்கை ஒலி சன்னமாக முனகத் தொடங்கும் நேரத்தில் பின் சக்கரங்கள் தொட்டால் சரியாக வந்திருக்கிறீர்கள். தொட்டபிறகும் யோக்கை விட்டுவிடாதீர்கள். மூக்குச் சக்கரம் தானாகக் கீழே வரட்டும்.

இதற்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. நீளமான ரன்வேயில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்க, தரைக்குச் சில அடி மேலேயே த்ராட்டிலைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு ரன்வே நெடுகப் பறந்துபோய், தொடாமல் கிளம்புவது. லிவர்மோரில் 5,253 அடி ரன்வேயில் இதை நாங்கள் ஆறு முறை செய்தோம். சாதாரண லேண்டிங்கில் அந்த உயரத்தில் நமக்குக் கிடைப்பது நான்கைந்து விநாடி. இப்படிப் போனால் ஒரே ஓட்டத்தில் அரை நிமிடத்துக்குக் கிட்டக் கிடைக்கும். மூன்றாவது முறைதான் ஓரங்கள் எழுவதை முதன்முதலாக உண்மையில் "பார்த்தேன்". அந்த ஒரு காலை முந்தைய இரண்டு மாதத்துக்குச் சமம்.

8. கோ-அரவுண்டைத் தினமும் ஒருமுறை செய்யுங்கள்

கோ-அரவுண்ட் செய்வதை, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவதை, தோல்வி என்று நினைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் மோசம். அதனால் ஒவ்வொரு செஷனிலும் ஒருமுறையாவது, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, வேண்டுமென்றே செய்யுங்கள். 500 அடியில் வேகம், பாதை, ஃபிளாப் மூன்றில் எது சரியில்லை என்றாலும் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

வரிசை: த்ராட்டில் முழுதும், உடனே ஃபிளாப் 20க்கு, 60 நாட்டில் ஏற்றம், பிறகு 10, தடைகளைத் தாண்டி 65 வந்ததும் முழுதாக மேலே. சிக்கல் எங்கே என்றால் டிரிமில். அப்ரோச்சுக்காக டிரிம் செய்திருப்பதால், முழுச் சக்தி கொடுத்ததும் மூக்கு வேகமாக மேலே எழும். பலமாக முன்னால் தள்ள வேண்டியிருக்கும், வலது ரடரும் வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மூடினால் விமானம் கீழே அமுங்கும். இதை முதன்முதலாக நிஜ அவசரத்தில் சந்திக்காதீர்கள்.

துள்ளினால்? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் வைத்துக் கொஞ்சம் சக்தி கொடுத்து மறுபடி இறக்கலாம். பெரியது என்றால் கோ-அரவுண்ட். மூக்கை முன்னால் தள்ளி அடக்கப் பார்த்தால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக வரும். அதற்கடுத்ததில் மூக்குச் சக்கரமோ ப்ரொப்பெல்லரோ போய்விடும். ஹாஃப் மூன் பேயில் நான் கிளம்பியிருக்க வேண்டும். ஐயாயிரம் அடி ரன்வே முன்னால் கிடந்தது.

9. பக்கக் காற்றைத் தேடிப் போங்கள்

ஆறாவது செஷனுக்குப் பிறகு, இன்ஸ்ட்ரக்டரோடு மட்டும். கணக்கு எளிது: காற்று ரன்வேக்கு 30 பாகையில் அடித்தால் அதன் வேகத்தில் பாதி பக்கக் காற்று, 45 என்றால் முக்கால், 60க்கு மேல் முழுதும் என்று வைத்துக்கொள்ளலாம். 172எஸ்ஸில் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட். அது விமானத்துக்கு. உங்களுக்கான எண்ணை நீங்களே எழுதிவைக்க வேண்டும். நான் 6இல் தொடங்கினேன், இப்போது 10.

ஃபைனலில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, ஃபிளேருக்கு முன் ரடரால் மூக்கை ரன்வேக்கு நேராக்குங்கள். காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி நகர்வை நிறுத்துங்கள். ரடர் மூக்குக்கு, ஏலரான் (இறக்கையைச் சாய்க்கும் பலகை) நகர்வுக்கு. காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும். அது சரியே, பயந்து இறக்கையைச் சமமாக்காதீர்கள். தொட்டபின் வேகம் குறையக் குறைய ஏலரானைக் காற்றுப் பக்கம் இன்னும் கூட்டுங்கள், முழுதும் வரை. தொட்டதும் "அப்பாடா" என்று கையைத் தளர்த்துவதுதான் இங்கே ஆபத்து.

10. வேறு ரன்வேக்களுக்குப் போங்கள்

பழகியதைவிட அகலமான ரன்வே, நாம் தாழ்வாக இருப்பதாகக் காட்டும். அதனால் உயரத்திலேயே ஃபிளேர் செய்வோம். குறுகலான ரன்வே எதிர்மாறு: உயரமாக இருப்பதாகத் தோன்றும், தாழப் போய்விடுவோம். மேல்நோக்கிச் சரிந்த ரன்வேயும் உயரமாக இருப்பதாகவே காட்டும். எனக்கு நடந்தது முதல் வகை. கிளம்பும் முன் நீள அகலத்தைப் பார்த்து, "இன்றைக்குக் கண் இப்படி ஏமாற்றும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கையும் போடுங்கள். 172எஸ் முழு எடையில், கடல் மட்டத்தில், காற்றில்லாத சாதாரண வெப்பத்தில், 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1,335 அடி. தரையில் ஓடுவது மட்டும் 575. எதிர்க்காற்று ஒவ்வொரு 9 நாட்டுக்கும் 10 சதவீதம் குறையும். பின்காற்று என்றால் வெறும் 2 நாட்டுக்கே 10 சதவீதம் கூடும். இவை நீளம் குறைந்த ரன்வேக்கான முறையில் பிசகில்லாமல் இறங்கினால் வரும் எண்கள். நான் அதன்மேல் பாதியைச் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறேன்.

11. ஒவ்வொரு லேண்டிங்கையும் எழுதுங்கள்

லாக்புக்கில் எண்ணிக்கை மட்டும்தான் நிற்கும். தனியாக ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 50 அடியில் வேகம், குறிவைத்த இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் உள்ள தூரம், நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம். இவ்வளவு போதும். தூரத்தை அளக்க ரன்வே கோடுகளே உதவும்: நடுவே உள்ள வெள்ளைப் பட்டை 120 அடி, இடைவெளி 80 அடி. செக்ரைடு அளவு, குறித்த இடத்துக்கு முன்னதாகத் தொடாமல், அதைத் தாண்டி 400 அடிக்குள். நீளம் குறைந்த ரன்வேக்கான முறையில் 200க்குள். கேமராவைப் பின்சீட்டுப் பக்கம் பொருத்திப் பதிவு செய்தால் வேகமானியும் ரன்வேயும் சேர்ந்தே தெரியும். என் நோட்டில் முதல் இருபது லேண்டிங்கில் பதினாறு, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம். நான் நேராக உட்காரவில்லை என்பது அதில்தான் தெரிந்தது.

டச்-அண்ட்-கோவைவிட முழுதாக நின்று, டாக்சி செய்து (தரையில் மெதுவாக ஓட்டி) திரும்பி வருவது நல்லது. மணிக்கு எட்டுக்குப் பதில் ஐந்துதான் முடியும். ஆனால் டாக்சி செய்யும் அந்த மூன்று நிமிடத்தில் நடந்ததை யோசிக்க முடிகிறது. ஐந்து அல்லது ஆறு ஆனதும் நிறுத்துங்கள். களைப்பில் செய்யும் லேண்டிங் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுத்தரும்.

12. பலமாக விழுந்தால் மறைக்காதீர்கள்

இது எல்லோருக்கும் ஒருநாள் நடக்கலாம். நிறுத்தியபின் விமானத்தைச் சுற்றிப் பாருங்கள்: டயர், ப்ரொப்பெல்லர் நுனி, மூக்குச் சக்கரத் தண்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அதை ஓட்டித் திரும்பாதீர்கள், கிளப்புக்குப் போன் செய்யுங்கள். ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் பின் அந்த விமானத்தை எடுப்பவர் முதல்முறை தனியாகப் பறக்கும் மாணவராக இருக்கலாம்.

நான் போன் செய்தேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன், யாரும் கோபப்படவில்லை. மெக்கானிக் வந்து எஞ்சின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டைக் காட்டினார். 172இல் மூக்குச் சக்கரம் தாங்கி நிற்பது அந்தத் தகட்டில்தான். மூக்கு முதலில் குத்தினால் அது சுருங்கும். ரிவெட் வரிசையின் ஓரமாக விரலை மெல்ல ஓட்டச் சொன்னார், சுருக்கம் இருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும் என்றார். தகடு வழுவழுவென்றே இருந்தது. அன்றிலிருந்து, வேறு யாரோ ஓட்டிய விமானத்தை எடுக்கும்போதும், எண்ணெய் பார்க்கும் சிறு கதவைத் திறந்து, எட்டும் இடம்வரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.